விடிய விடிய எரியும் விளக்கு யாருக்குக் காவல்?

சில வருஷங்களுக்கு முன் குடும்பத்தோடு பத்து நாள் வெளியூர் போனோம். கிளம்பும்போது வாசல் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டினேன். வீடு இருட்டாகக் கிடந்தால் ஆள் இல்லை என்று தெரிந்துவிடுமே என்ற பயம். திரும்பி வந்த அன்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: "பட்டப்பகல்லயும் லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்தது தம்பி. ஊருக்குப் போயிருக்கோம்னு எழுதி ஒட்டின மாதிரி இருந்தது."

நல்லவேளையாக எதுவும் திருடு போகவில்லை. ஆனால் அக்கா சொன்னது மனதிலேயே நின்றுவிட்டது. அது 60 வாட் குண்டு பல்பு. பத்து நாள், இரவும் பகலும் எரிந்திருக்கிறது. கணக்குப் போட்டால் 14.4 யூனிட். அத்தனை மின்சாரத்தையும் செலவழித்து, வீட்டில் ஆள் இல்லை என்பதைத்தான் தெருவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததிலும் வீட்டில் செய்து பார்த்ததிலும் எனக்குப் பிடிபட்டது இதுதான்: திருடனைத் தயங்க வைப்பது, உள்ளே ஆள் இருக்கலாம், யாராவது பார்த்துவிடலாம் என்ற சந்தேகம். விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்பது அதற்கு அப்புறம்தான். அந்தச் சந்தேகத்தை உண்டாக்க மிகக் குறைந்த மின்சாரம் போதும். பல இடங்களில் மின்சாரமே தேவையில்லை.

திருடன் எதைப் பார்க்கிறான்

1979-இல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ஒரு எளிய கருத்தை முன்வைத்தார்கள். ஒரு குற்றம் நடக்க மூன்று விஷயங்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சேர வேண்டும். திருடத் துணிந்த ஆள் வேண்டும். எடுக்கத் தோதான பொருள் வேண்டும். தடுக்கக்கூடிய காவல் அங்கே இல்லாமலிருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் குற்றம் நடப்பது கடினம்.

இதில் காவல் என்றால் போலீஸ் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. மாடியில் துணி காயப்போடும் அம்மா, எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா, நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர் எல்லாருமே காவல்தான். அவர்கள் யாரையும் பிடிக்க வேண்டியதில்லை. பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தாலே போதும்.

இப்போது விளக்கு எங்கே வருகிறது என்று பாருங்கள். விளக்கு தானாகக் காவல் காக்காது. காவல் காக்கும் கண்ணுக்கு அது உதவி செய்யும், அவ்வளவுதான். பார்க்க ஒரு கண் இருக்கும் இடத்தில்தான் வெளிச்சத்துக்கு மதிப்பு. யாருமே எட்டிப் பார்க்காத பின்பக்கச் சந்தில் இரவு முழுக்க விளக்கு எரிந்தால் யாருக்குப் பயன்? பூட்டை நெம்புகிறவனுக்குத்தான். கையில் டார்ச் பிடிக்க வேண்டிய வேலைகூட அவனுக்கு மிச்சம். இருட்டில் டார்ச் அடித்தால் அந்த ஒளி அசைவதே அவனைக் காட்டிக்கொடுக்கும். நாமே விளக்கைப் போட்டு வைத்தால் அந்த ஆபத்தும் அவனுக்கு இல்லை.

தெருவிளக்குகளைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். 2016-இல் நியூயார்க் நகரத்தின் பொதுக் குடியிருப்பு வளாகங்கள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அங்கே தற்காலிக விளக்குக் கோபுரங்களை நிறுத்திப் பார்த்தார்கள். இரவில் வெளியிடங்களில் நடந்த கடுமையான குற்றங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிப் பகுதிகளின் கணக்குகளை வைத்து 2015-இல் வெளியான ஆய்வு, நள்ளிரவுக்கு மேல் தெருவிளக்குகளை அணைத்த இடங்களிலும் மங்கலாக்கிய இடங்களிலும் குற்றம் கூடியதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. முதலாவது, நிறையப் பேர் நடமாடும் நெருக்கமான குடியிருப்பு. இரண்டாவது, ஊர் அடங்கிய நேரத்துத் தெரு. பார்க்கிற கண்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றல்ல.

இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வீடு புகும் திருட்டு என்றாலே நமக்கு நடுநிசிதான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்கக் காவல்துறைக் கணக்குகளில் வீட்டுத் திருட்டுகள் இரவைவிடப் பகலில்தான் அதிகமாகப் பதிவாகி வந்திருக்கின்றன. வேலைக்கும் பள்ளிக்கும் எல்லாரும் கிளம்பிப் போன நேரம் அது. அந்த நேரத்தில் எத்தனை வாட் விளக்கு எரிந்தாலும் ஒரு பயனும் இல்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

யூனிட் கணக்குப் போடத் தெரிந்துவிட்டால் எது வீண், எது தேவை என்று நீங்களே சொல்லிவிடலாம். வாட்டை மணி நேரத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். 60 வாட் பல்பு ராத்திரி 12 மணி நேரம் எரிந்தால் 720. ஆயிரத்தால் வகுத்தால் 0.72 யூனிட். மாதத்துக்கு 21.6 யூனிட். அதே அளவு வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடி பல்பு மாதத்துக்கு 3.24 யூனிட்தான் எடுக்கும். குண்டு பல்பு வாங்கிக்கொள்ளும் மின்சாரத்தில் மிகச் சிறிய பங்குதான் வெளிச்சமாகிறது; மற்றதெல்லாம் சூடாகப் போய்விடுகிறது.

ஆகவே எல்இடிக்கு மாறுவது முதல் படி. அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. எல்இடி சிக்கனமானது என்பதால் வீட்டைச் சுற்றி நாலு மூலையிலும் 20 வாட், 50 வாட் என்று ஃபிளட் லைட் மாட்டி விடிய விடிய எரிய விடுகிறவர்களைப் பார்க்கிறேன். மிச்சம் பிடித்தது அத்தனையும் அங்கே போய்விடுகிறது.

வெளியே: ஆள் வந்தால் மட்டும் எரியும் விளக்கு

விடிய விடிய எரியும் விளக்கு சில நாட்களில் தெருவின் ஒரு பகுதியாகிவிடும். யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். இருட்டாக இருந்த இடத்தில் திடீரென்று விளக்கு எரிந்தால் கண் தானாகத் திரும்பும். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். உள்ளே படுத்திருக்கும் நமக்கே தெரியும். சுவரேறிக் குதித்தவனுக்கோ, யாரோ தன்னைப் பார்த்துவிட்டுத்தான் விளக்கைப் போட்டார்களோ என்று ஒரு நொடி திக்கென்றிருக்கும். நமக்கு வேண்டியது அந்த ஒரு நொடிதான். இதைச் செய்வது மோஷன் சென்சார் விளக்கு.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் சரியாக மாட்ட முடியும். தெரியாமல் மாட்டியவர்கள்தான் "பூனைக்கெல்லாம் எரியுது, மனுஷனுக்கு எரியல" என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

நம் உடம்பு சூடாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் அதிலிருந்து வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. சென்சாருக்குள் இருக்கும் ஒரு சின்னப் படிகம், தன்மேல் விழும் அந்தக் கதிரின் அளவு மாறும்போது மெல்லிய மின்சாரத்தை உண்டாக்கும். இதற்கு பிஐஆர் சென்சார் என்று பெயர். இது தானாக எதையும் வெளியே அனுப்புவதில்லை. வருவதை வாங்கிக்கொள்வது மட்டும்தான் இதன் வேலை. அதனால்தான் இதற்கு மின்சாரம் மிகக் கொஞ்சம் போதுமானதாக இருக்கிறது.

சென்சாரின் முகத்தில் பால் நிறத்தில், தேன்கூடு மாதிரிக் கட்டம் கட்டமாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வளையம் வளையமாக மெல்லிய கோடுகள் தெரியும். அது வெறும் மூடி இல்லை, ஃபிரெனல் லென்ஸ். பிரெஞ்சு இயற்பியலாளர் அகுஸ்தென் ஃபிரெனல் கலங்கரை விளக்கங்களுக்காக உருவாக்கியது. 1823-இல் பிரான்ஸின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதன்முதலாகப் பொருத்தினார்கள். கடலில் போகும் கப்பலுக்கு ஒளியைத் திரட்டி அனுப்பிய அதே தத்துவம், இன்று நம் வாசலில் நடப்பவரின் உடல் சூட்டைத் திரட்டிப் படிகத்தின் மேல் போடுகிறது. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்புதான்.

அந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு திசையைப் பார்க்கிறது. ஆக, சென்சாருக்கு முன்னால் உள்ள இடம் விசிறி மடிப்பு மாதிரிப் பல பட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. சூடான உடம்பு ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதுதான் சென்சார் விழிக்கும். இதிலிருந்து சில விஷயங்கள் தானாகப் புரியும். குறுக்கே நடப்பவரை அது சட்டென்று கண்டுபிடிக்கும். நேராக அதை நோக்கி வருபவர் ஒரே பட்டைக்குள்ளேயே வருவதால் தாமதமாகத்தான் தெரியும். எனவே கேட்டுக்கு நேர் எதிரே மாட்டுவதைவிட, நடைபாதைக்குப் பக்கவாட்டில், பாதையைக் குறுக்காகப் பார்க்கும்படி மாட்டுவது நல்லது. உயரம் இரண்டிலிருந்து இரண்டரை மீட்டர். இன்னொன்று, வெயில் கொளுத்தும் நாட்களில் சுவரும் தரையும் கிட்டத்தட்ட உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். உடம்புக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் குறைவதால் சென்சார் அப்போது கொஞ்சம் மந்தமாகும். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிர்களை மறித்துவிடும் என்பதால், ஜன்னலுக்கு உள்ளே வைத்து வெளியே பார்க்க வைக்கவும் முடியாது.

பூனைக்கு எரிகிற தொல்லைக்கும் இதே கட்டங்களில் வழி இருக்கிறது. லென்ஸின் கீழ்வரிசைக் கட்டங்கள்தான் பக்கத்துத் தரையைப் பார்க்கின்றன. அவற்றின் மேல் இன்சுலேஷன் டேப்பைச் சின்னதாக வெட்டி ஒட்டிவிட்டால் தரையோடு போகிற பிராணிகள் பெருமளவு தப்பிவிடும். ஏசியின் வெளிப்பெட்டி, வெயில் பட்டுச் சூடேறிய இலைகள் காற்றில் ஆடும் கிளை இவற்றை நோக்கித் திருப்பி வைக்காதீர்கள். ஆளே இல்லாமல் அடிக்கடி எரியும் விளக்கை நாளடைவில் நாமும் கண்டுகொள்ள மாட்டோம், தெருவும் கண்டுகொள்ளாது. புலி வருது கதைதான்.

பெரும்பாலான சென்சார்களின் அடியில் மூன்று சின்னத் திருகுகள் இருக்கும். ஒன்று எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்கு. இன்னொன்று எவ்வளவு இருட்டிய பிறகு வேலை செய்ய வேண்டும் என்பதற்கு. மூன்றாவது எவ்வளவு தூரம் வரை உணர வேண்டும் என்பதற்கு. எவ்வளவு இருட்டிய பிறகு என்பதைப் பகலில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. அந்தி சாயும் நேரத்தில் ஏணியைப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் நேரத்தை ஆகக் குறைவாக வையுங்கள். வீட்டில் ஒருவரைக் கேட்டிலிருந்து நடக்கச் சொல்லுங்கள். சுவரோரமாக ஒரு தரம், பின்பக்கத்திலிருந்து ஒரு தரம். எங்கே எரிகிறது, எங்கே எரியவில்லை என்று பார்த்துச் சென்சாரின் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் எரிந்தால் தூரத்தைக் குறையுங்கள். எல்லாம் சரியான பிறகு எரியும் நேரத்தை ஒன்று இரண்டு நிமிடத்துக்கு ஏற்றுங்கள். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் விட்டதால்தான் பல வீடுகளில் சென்சார் விளக்கு பேருக்குத் தொங்குகிறது.

இதற்கு ஆகும் செலவைப் பார்ப்போம். 20 வாட் எல்இடி சென்சார் விளக்கு ஒரு இரவில் 15 முறை, தலா இரண்டு நிமிடம் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் அரை மணி நேரம், 10 வாட்-மணி (ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட்). சென்சார் விழித்திருக்க அரை வாட் என்றால் நாள் முழுக்க 12 வாட்-மணி. இரண்டையும் சேர்த்தாலும் மாதத்துக்கு முக்கால் யூனிட்டைத் தொடாது. அதே விளக்கு ராத்திரி முழுக்க எரிந்தால் மாதம் 7.2 யூனிட்.

வாங்கும்போது பெட்டியின் மேல் எல்இடி பல்புக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். குண்டு பல்புக்காகச் செய்த பழைய இரண்டு வயர் சென்சார்களில் எல்இடியை மாட்டினால், அணைந்த பிறகும் மெல்ல மினுங்கிக்கொண்டிருக்கும். வயரிங்கை மாற்றுவதென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சோலார் சென்சார் விளக்குகளும் கிடைக்கின்றன. வயர் இழுக்க முடியாத பின்பக்கச் சுவருக்கு அவை நல்ல தீர்வு. ஆனால் பகலில் நேர் வெயில் படும் இடத்தில் பேனல் இருக்க வேண்டும். தூசி படிந்தால் துடைக்க வேண்டும். மரநிழலில் மாட்டிவிட்டு இரவில் எரியவில்லையே என்றால் அது விளக்கின் குற்றமில்லை.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் வாசல்படி எப்போதும் தெரிய வேண்டும் என்றால், ஒரு 3 வாட் எல்இடியை விடிய விடிய எரியவிடுவதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். மாதம் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும். கால் இடறாமல் இருப்பதும் பாதுகாப்புதானே. அதில் இருட்டினால் எரிந்து, விடிந்தால் அணையும் ஒளி சென்சார் இருக்கட்டும். நான் செய்த பகல் விளக்குத் தவறு அதோடு தீர்ந்துவிடும்.

கண் கூசினால் காவல் போச்சு

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பிரகாசமான விளக்கு நல்ல பாதுகாப்பு என்பது பாதி உண்மை. கண்ணைப் பார்த்து அடிக்கிற விளக்கு காவலைக் கெடுக்கும். நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரு கூசும் ஒளி அந்தப் பழக்கத்தை ஒரு நொடியில் கலைத்துவிடும். அப்புறம் அந்த விளக்குக்குப் பின்னால் ஆளே நின்றாலும் தெரியாது.

இன்று இரவே ஒரு சோதனை செய்து பாருங்கள். தெருவில் நின்று உங்கள் வீட்டு வெளி விளக்கைப் பாருங்கள். பிறகு உள்ளங்கையை நெற்றிக்கு முன்னால் பிடித்து, விளக்கை மட்டும் மறையுங்கள். கையை வைத்த பிறகு சுவரோரமும் செடி மறைவும் முன்பைவிட நன்றாகத் தெரிந்தால், அந்த விளக்கு உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது என்று அர்த்தம். செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: விளக்கைத் தரையை நோக்கிச் சாயுங்கள், மேலேயும் பக்கவாட்டிலும் ஒளி சிதறாமல் மூடி போடுங்கள், வாட்டைக் குறையுங்கள். வெளிச்சம் வேண்டிய இடத்தில் மட்டும் விழுவதால், பாதி வாட்டிலேயே முன்பைவிட நன்றாகத் தெரியும். நீலம் கலந்த பளீர் வெள்ளையைவிட மஞ்சள் சாய்ந்த, 3000 கெல்வினுக்குக் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) கீழான ஒளி கண்ணுக்கு இதம். பூச்சியும் குறைவாக மொய்க்கும்.

உள்ளே: விளக்கு நடமாட வேண்டும்

ஆள் இருக்கும் வீட்டில் விளக்கு எப்படி எரிகிறது என்று ஒருநாள் மாலை கவனித்துப் பாருங்கள். இருட்டும்போது கூடத்தில் எரியும். சமையலறையில் கொஞ்ச நேரம். குளியலறைச் சின்ன ஜன்னலில் ஐந்து நிமிடம். பத்து மணிக்கு மேல் கூடம் அணைந்து படுக்கையறை எரியும். அப்புறம் எல்லாம் அணைந்துவிடும். ஆள் இருப்பதைக் காட்டிக்கொடுப்பது இந்த மாற்றம்தான். ஒரே அறையில் ராத்திரி மூன்று மணிக்கும் எரிந்துகொண்டிருக்கும் விளக்கு எந்தக் குடும்பத்தின் பழக்கமும் இல்லை.

வெளியூர் போகும்போது இதை நமக்காகச் செய்து தருவது டைமர். பிளக் பாயிண்டில் செருகும் சாதாரண டைமரே போதும். வட்டமான முகத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டிப் பற்கள் இருக்கும். பல வகைகளில் ஒவ்வொரு பல்லும் கால் மணி நேரம். வேண்டிய நேரத்துக்கு உரிய பற்களை அழுத்திவிட்டால் தினமும் அந்த நேரத்தில் போட்டு அணைக்கும். ஒன்றைக் கூடத்துக்கு, மாலை ஆறரையிலிருந்து பத்து வரை. இன்னொன்றைப் படுக்கையறைக்கு, ஒன்பதே முக்காலிலிருந்து பத்தே முக்கால் வரை. இரண்டும் கொஞ்ச நேரம் சேர்ந்து எரியட்டும். நிஜத்தில் நாமும் அப்படித்தான் ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறோம். டிஜிட்டல் டைமர்கள் சிலவற்றில் தினமும் நேரத்தைச் சற்று முன்பின்னாக மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. கிடைத்தால் அதையே வாங்குங்கள். பல நாள் நோட்டம் விடுகிறவனுக்கு, நொடி பிசகாமல் தினமும் ஏழு மணிக்கு எரியும் விளக்கு எந்திரம் என்று தெரிந்துவிடும்.

இரண்டு 7 வாட் பல்பு, மொத்தம் நாலரை மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 31.5 வாட்-மணி. டைமர்கள் எடுப்பதையும் சேர்த்தால்கூடப் பத்து நாளைக்கு ஒரு யூனிட் சுற்றித்தான் வரும். நான் எரித்த 14.4 யூனிட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

டிவியைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதற்குப் பதிலாக, டிவி ஓடுவது போல நிறம் மாறி மாறி மினுங்கும் சின்ன எல்இடிக் கருவி ஒன்று கிடைக்கிறது. சில வாட்தான் எடுக்கும். திரைச்சீலைக்குப் பின்னால் வைத்தால் தெருவிலிருந்து பார்ப்பவருக்கு நிஜ டிவி போலவே தெரியும். ஆளில்லாத வீட்டில் டிவி மணிக்கணக்கில் ஓடிச் சூடேறும் ஆபத்தும் இல்லை.

திரைச்சீலை விஷயத்தில் ஒன்று. எல்லாவற்றையும் இழுத்து மூடிவிட்டுப் போகாதீர்கள். பகலெல்லாம் மூடியே கிடக்கும் ஜன்னலும் ஆளில்லை என்றுதான் சொல்லும். விலையுள்ள பொருட்கள் தெரியாத அளவுக்கு, வழக்கம்போல் பாதி திறந்திருக்கட்டும்.

யூனிட்டே ஆகாத காவல்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆந்த்ரோமாகி செலோனியும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும், இங்கிலாந்து, வேல்ஸ் குற்றக் கணக்கெடுப்பை வைத்து எந்தப் பாதுகாப்பு எவ்வளவு பயன் தருகிறது என்று பார்த்தார்கள். நான்கு விஷயங்கள் சேர்ந்த வீடுகள்தான் அதில் தனித்து நின்றன: ஜன்னல் பூட்டு, டைமரில் எரியும் உள் விளக்கு, கதவில் உறுதியான இரட்டைப் பூட்டு, சென்சாரில் எரியும் வெளி விளக்கு. எந்தப் பாதுகாப்பும் இல்லாத வீடுகளோடு ஒப்பிட்டால் இவற்றுக்கு 49 மடங்கு பாதுகாப்பு என்று கணக்கிட்டார்கள். கணக்கெடுப்பை வைத்துச் செய்த ஆய்வு என்பதால், இந்த நான்கையும் மாட்டியவர்கள் மற்ற விஷயங்களிலும் கவனமானவர்களாக இருந்திருக்கலாம். அதைக் கழித்துக்கொண்டாலும் வேறுபாடு பெரிது.

அந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். விளக்குகள் இரண்டுமே டைமரும் சென்சாரும் வைத்தவை. எப்போதும் எரிபவை அல்ல. மற்ற இரண்டும் மின்சாரமே வேண்டாத பூட்டுகள். காவலும் சிக்கனமும் இங்கே ஒரே பக்கம் நிற்கின்றன. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

பூட்டைப் பற்றி ஒரே ஒரு நுணுக்கம் சொல்கிறேன். கதவை உதைத்துத் திறக்கும்போது பல சமயம் பூட்டு உடைவதில்லை. பூட்டின் நாக்கு போய் நுழையும் தகடு இருக்கிறதே, நிலையில் பதித்திருப்பது, அதுதான் பிய்த்துக்கொண்டு வரும். காரணம், அதை முடுக்கியிருக்கும் ஸ்க்ரூக்கள் விரல் நகத்தின் நீளம்தான் இருக்கும். மேல்மரத்தை மட்டும் பிடித்திருக்கும். இப்போதே உங்கள் கதவுத் தகட்டிலிருந்து ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். மரநிலை என்றால், மூன்று அங்குல ஸ்க்ரூவாக மாற்றுங்கள். அது நிலையின் உள் மரம் வரை போய்ப் பிடிக்கும். கீல்களிலும் அப்படியே. பத்து நிமிட வேலை, ஒரு முறை செய்தால் போதும். ஒரு யூனிட்டும் ஆகாது.

மற்றவை எல்லாருக்கும் தெரிந்தவையே, செய்யத்தான் மறந்துவிடுகிறோம். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். ஏணியை வெளியே சாய்த்துவிட்டுப் போகாதீர்கள். ஜன்னலை மறைத்து வளர்ந்த செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்கள். நல்ல மறைவு என்பது உள்ளே வந்தவனுக்குத்தான் நல்லது.

கேமரா வாங்குவதற்கு முன்

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கும் கணக்கு உண்டு என்றுதான் சொல்கிறேன். கேமரா ஒன்றுக்கு 5 வாட், பதிவுப் பெட்டிக்கு 15 வாட் என்று வைத்தால், நான்கு கேமரா வீட்டில் 35 வாட் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மாதம் 25 யூனிட், வருஷத்துக்கு 300-க்கும் மேல். அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய் என்று வைத்தால் டிஸ்கில் இடம் மிச்சமாகும். கேமரா விழித்தேதான் இருக்கும் என்பதால் மின்சாரம் அதிகம் குறையாது.

அதனால் எத்தனை கோணம் உண்மையில் தேவை என்று யோசியுங்கள். பல வீடுகளுக்கு வாசலில் ஒன்று போதும். பேட்டரியில் ஓடும் காலிங்பெல் கேமராக்கள் பெரும்பாலான நேரம் உறங்கி, ஆள் வந்தால் மட்டும் விழிப்பவை. நடந்ததைப் பிறகு பார்க்கக் கேமரா உதவும். நடக்காமல் தடுப்பதில் கதவும் அக்கம்பக்கமும்தான் முதலில்.

அக்கம்பக்கம்

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ராச்டேல் என்ற ஊர். அங்கே கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் 1980-களின் நடுவில் வீட்டுத் திருட்டு மிக அதிகமாக இருந்தது. ஆய்வாளர்கள் இறங்கிப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. முதலாவது, காசு போட்டால் மின்சாரமும் எரிவாயுவும் தரும் மீட்டர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தன. அதாவது பல வீடுகளில் ஓர் உண்டியல். திருடர்கள் குறிவைத்தவற்றில் அதுவும் ஒன்று. இரண்டாவது, ஒருமுறை திருடு போன வீட்டில்தான் சீக்கிரமே மறுபடியும் திருடு போனது. வழி தெரிந்துவிட்டதல்லவா.

அந்த மீட்டர்களை எடுத்துவிட்டார்கள். திருடு போன வீடுகளின் பூட்டுகளைப் பலப்படுத்தினார்கள். பிறகு அந்த வீட்டைச் சுற்றியுள்ள ஏறக்குறைய ஆறு வீடுகளிடம் பேசி, கொஞ்சம் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். முதல் சில மாதங்களிலேயே திருட்டு 40 சதவீதம் குறைந்தது. மூன்று வருஷத்தில் முக்கால்வாசி குறைந்துவிட்டது. தெருவுக்கு விளக்குப் போடுவதைவிட, பார்க்கச் சொல்வதில்தான் பலன் என்பேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ திருடு போயிருந்தால், அடுத்த சில வாரங்கள் எல்லாரும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் இந்த அனுபவம் சொல்லிக்கொடுக்கிறது.

இப்போதெல்லாம் வெளியூர் கிளம்புவதற்கு முதல் நாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். வாசலில் பார்சலோ பேப்பரோ கிடந்தால் எடுத்து வைக்கிறார். அவர்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். போன இடத்தில் எடுத்த படங்களைத் திரும்பி வந்த பிறகுதான் இணையத்தில் போடுகிறோம். பிள்ளைகளுக்கும் அது பழகிவிட்டது. வாட்டர் ஹீட்டரை அணைத்து, டிவியையும் செட்டாப் பாக்ஸையும் பிளக்கிலிருந்தே பிடுங்கிவிடுகிறோம். ஃபிரிட்ஜைக் காலி செய்ய முடிந்தால் அதையும் அணைத்துக் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கிறோம். இதில் மிச்சமாகும் மின்சாரம், இரண்டு டைமர் விளக்குக்கும் சென்சாருக்கும் ஆவதைவிடப் பல மடங்கு அதிகம்.

கடைசியாகப் போனபோது மூன்றாம் நாள் இரவு அக்கா போன் செய்தார். "என்ன தம்பி, இன்னும் கிளம்பலையா? ரூம்ல லைட் எரியுதே" என்றார். டைமர் என்று நினைவுபடுத்தினேன். "அட, எனக்கே மறந்துபோச்சு" என்றார். அப்போது அங்கே மணி பத்து. இன்னும் முக்கால் மணி நேரத்தில் அந்த விளக்கு தானாக அணைந்திருக்கும்.